ஐந்து வந்தால் ஒன்றைக் கூட்டு என்பது கணக்கல்ல

தசம எண்களை முழுமையாக்கும் பாடத்தைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடே கிடையாது. ஆசிரியர், பெற்றோர், டியூஷன் நடத்துபவர், வினாத்தாள் தயாரிப்பவர் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: வெட்டப் போகும் இலக்கத்தைப் பார், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முன்னால் நிற்பதில் ஒன்றைக் கூட்டு, குறைவென்றால் அப்படியே விடு. அரை மணி நேரப் பாடம், ஒரு பக்கப் பயிற்சி, ஒரு மதிப்பெண். கனச்செவ்வகத்தின் கன அளவும் இதே வரிசையில்தான் வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கு. ‘இரு தசம இடத்திருத்தமாக’ என்று கேட்டிருந்தால் கடைசியில் வெட்டு. அலகு போட மறக்காதே. இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, பழகினால் போதும் என்பது பொதுக் கருத்து.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். ஓர் எண்ணை எந்த இடத்தில் வெட்டுவது, வெட்டும்போது மேலே தள்ளுவதா கீழே இறக்குவதா என்பதை அந்த எண் எந்தப் பொருளை அளந்தது, எந்த வேலைக்குப் போகிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். அடுத்து நிற்கும் இலக்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்த முடிவெடுக்கும் பகுதியைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு எஞ்சிய சடங்கைக் கணக்கு என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறோம். கேடு எங்கே வெளிப்படும் என்றால், மூன்று நீளங்கள் ஒன்றோடொன்று பெருகும் பெட்டிக் கணக்கில்.

தமிழ்நாட்டில் மணல், எம்-சாண்ட், ஜல்லி ஆகியவற்றைப் பல ஊர்களில் இன்னும் யூனிட்டில்தான் பேசுகிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரியின் பின்பெட்டி சுத்தமான கனச்செவ்வகம். டேப் பிடித்து உள்பக்கம் அளந்தால் நீளம் 13.5 அடி, அகலம் 6.75 அடி, மணல் நிற்கும் உயரம் 2.75 அடி என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடிப்போம். 13.5 என்பது 14 ஆகிறது. 6.75 என்பது 7. 2.75 என்பது 3. பெருக்கினால் 294. அதையும் அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கினால் 300. மூன்று யூனிட்.

உண்மையில் அந்தப் பெட்டியில் இருப்பது ஏறத்தாழ 250.6 கன அடி. வீடு கட்டுகிறவர் 49 கன அடிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட அரை யூனிட் மணலுக்கு, வாங்காமலே பணம் கொடுக்கிறார். யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் விதி சரியாகவே பின்பற்றப்பட்டது. ஆறாம் வகுப்பு நோட்டில் இந்த நான்கு முழுமையாக்கலுக்கும் சிவப்பு மையில் ‘சரி’ விழுந்திருக்கும். ஈர மணல் உலர்ந்த மணலைவிடக் கூடுதல் இடத்தை அடைக்கும், சிறிதளவு ஈரத்திலேயே அதன் கன அளவு நான்கில் ஒரு பங்கு வரை ஊதக்கூடும் என்பது தனிக் கதை. அதை இங்கே சேர்க்கவே இல்லை.

பெட்டிக் கணக்கில் ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு கனச்சதுரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். பக்கம் 10 செ.மீ. என்று ஒருவர் அளந்து எழுதுகிறார். அருகிலுள்ள சென்டிமீட்டருக்கு முழுமையாக்கிய அளவு என்றால் உண்மையான பக்கம் 9.5-க்கும் 10.5-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். 9.5 என்றால் கன அளவு 857.375 கன செ.மீ. 10.5 என்றால் 1157.625. பக்கத்தில் இருந்த ஐந்து விழுக்காட்டுச் சந்தேகம் கன அளவில் பதினைந்து விழுக்காட்டை ஒட்டி வந்துவிடுகிறது. பிள்ளையோ விடையை ‘1000 கன செ.மீ.’ என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. அந்த 1000 எவ்வளவு நம்பத்தக்கது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்து, தரைக்குள் தண்ணீர் தேக்கும் சம்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சென்னையில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் எந்த வீட்டுக்கும் இது வெறும் பாடக் கணக்கல்ல. உள்ளளவு நீளம் 2.45 மீட்டர், அகலம் 1.45, ஆழம் 1.45. பெருக்கினால் 5.151125 கன மீட்டர், அதாவது 5151 லிட்டரும் சொச்சமும். மூன்று அளவுகளையும் முதலிலேயே பத்தில் ஒன்றாம் இடத்துக்கு முழுமையாக்கினால் 2.5, 1.5, 1.5. பெருக்கினால் 5.625 கன மீட்டர், 5625 லிட்டர். இடையே 474 லிட்டர் வேறுபாடு. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வைத்திருக்கும் அளவுகோல். மூன்று பேர் உள்ள குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீரைவிட அதிகமான தண்ணீர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

‘அதனால்தான் கடைசியில் மட்டும் முழுமையாக்கு என்று சொல்கிறோமே’ என்பார்கள். சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த அறிவுரையும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் எங்கே நிறுத்துவது? 5151.125 லிட்டர் என்று எழுதினால் மில்லிலிட்டர் வரை தெரியும் என்று அர்த்தமாகிறது. டேப்பில் நாம் படித்ததோ சென்டிமீட்டர் வரைதான். 2.45 என்று படித்தது 2.445-ஆகவும் இருக்கலாம், 2.455-ஆகவும் இருக்கலாம். மூன்று பக்கங்களையும் குறைந்த எல்லையில் வைத்தால் 5105 லிட்டர், கூடுதல் எல்லையில் வைத்தால் 5197 லிட்டர். ஆகவே ‘இந்த சம்ப் எத்தனை லிட்டர் உறுதியாகக் கொள்ளும்?’ என்று வீட்டுக்காரர் கேட்டால் நாணயமான பதில் 5100. இங்கே வெட்டிய இலக்கங்கள் 5 என்று தொடங்கினாலும் 9 என்று தொடங்கினாலும் கீழேதான் இறக்க வேண்டும். இல்லாத கொள்ளளவை இருப்பதாகச் சொன்னால் தண்ணீர் வழிந்து வாசலில் ஓடும்.

அதே சம்பின் உட்சுவர்களுக்குப் பூச்சு வேலை. கணக்குப் போட்டால் 6.2 மூட்டை சிமெண்ட் வருகிறது என்று கொள்வோம். விதி 6 என்கிறது. கொத்தனார் 7 என்கிறார். கொத்தனார்தான் சரி. ஒரே குழி, ஒரே வீட்டுக்காரர், ஒரே நாள். கொள்ளளவைக் கீழே இறக்கினோம், மூட்டையை மேலே ஏற்றினோம். இரண்டு இடத்திலும் ஐந்து என்ற இலக்கத்தின் பேச்சை யாரும் கேட்கவில்லை. இதைப் பாடத்தின் விதிவிலக்கு என்று ஒதுக்குவது வழக்கம். நடைமுறை வாழ்க்கையில் பெட்டி, தொட்டி, மூட்டை, ஓடு, பேருந்து என்று எதை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கிறது. அருகிலுள்ள எண்ணுக்குப் போவதுதான் உண்மையில் விதிவிலக்கு.

பேருந்து என்றதும் ஒரு பழைய தேர்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் தேசிய அளவில் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கேள்வி அது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர் போகலாம். 1128 வீரர்களை அனுப்ப எத்தனை பேருந்து வேண்டும்? ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்திருந்தார்கள். ஆனால் 29 விழுக்காட்டினர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் 31 என்று எழுதினார்கள். பன்னிரண்டு வீரர்கள் ரோட்டிலேயே நின்றார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 விழுக்காடு. இந்தப் பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரியாதது அல்ல சிக்கல். வந்த விடையை எடுத்துக்கொண்டு போய் வீரர்கள் நிற்கும் இடத்தில் வைத்துப் பார்க்க யாரும் அவர்களைப் பழக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் வேறு மாதிரி நடக்கும் என்று நம்புவதற்கு நம் வினாத்தாள்களில் ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

கன அளவுச் சூத்திரத்துக்கும் இதே கதைதான். அளவியல் பாடத்தில் தவறாமல் வரும் வகைக் கணக்கு ஒன்று: பெரிய பெட்டியில் எத்தனை சிறிய பெட்டிகள் அடங்கும்? பெரியதன் கன அளவைச் சிறியதன் கன அளவால் வகு. பெரிய அட்டைப்பெட்டி 100 செ.மீ., 60 செ.மீ., 50 செ.மீ. என்க. சிறிய பெட்டி 30, 20, 15. மூன்று லட்சத்தை ஒன்பதாயிரத்தால் வகுத்தால் 33.33 வருகிறது. விதிப்படி 33.

இப்போது சிவகாசியிலோ திருப்பூரிலோ பேக்கிங் செய்கிற ஒருவரிடம் இந்தப் பெட்டிகளைக் கொடுத்துப் பாருங்கள். நீளத்தை நீளத்தோடு, அகலத்தை அகலத்தோடு, உயரத்தை உயரத்தோடு வைத்து அடுக்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மூன்றாகப் போகிறது, மொத்தம் 27. திருப்பி, 20 செ.மீ. பக்கத்தை 100-இன் வழியாகவும் 30-ஐ 60-இன் வழியாகவும் படுக்க வைத்தால் ஐந்து, இரண்டு, மூன்று, மொத்தம் 30. அவர் அதோடு விடமாட்டார். அடித்தட்டில் பெட்டிகளை 30 செ.மீ. உயரமாக நிற்க வைப்பார். ஐந்துக்கு நான்காக 20 பெட்டிகள் இடுக்கில்லாமல் உட்காரும். மேலே மீதி இருப்பது 20 செ.மீ. உயரம். அதில் 20 செ.மீ. பக்கம் நிற்கும்படி மூன்றுக்கு நான்காக 12. மொத்தம் 32. கீழ்த்தட்டு 30, மேல்தட்டு 20, உயரம் சரியாக 50.

27, 30, 32 என்று போகும் இந்தத் தேடலில் கணிதம் இருக்கிறது. எண்ணின் வகுபடும் தன்மை இருக்கிறது, இடத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் இருக்கிறது, இதைவிடக் கூடுமா என்ற கேள்வி இருக்கிறது. 33.33-ஐ 33 ஆக்குவதில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் விடைக்குறிப்பு 33-க்கு மதிப்பெண் கொடுக்கும், 32-ஐச் சுழிக்கும். மெழுகை உருக்கி ஊற்றுவது போல அட்டைப்பெட்டியை உருக்க முடியாது என்பதைக் கண்டுகொண்ட பிள்ளையை நாம் தண்டிக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, விதியாவது உறுதியானதா? அதுவும் இல்லை. 1.5, 2.5, 3.5, 4.5 ஆகிய நான்கு எண்களைக் கூட்டினால் 12. பள்ளி விதிப்படி முழுமையாக்கிக் கூட்டினால் 2, 3, 4, 5, மொத்தம் 14. சரிபாதியில் நிற்கும் ஐந்தை எப்போதும் மேலே தள்ளுவதால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறது. இதைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு: முன்னால் நிற்கும் இலக்கம் இரட்டைப்படை என்றால் அப்படியே விடு, ஒற்றைப்படை என்றால் ஒன்றைக் கூட்டு. அப்படிச் செய்தால் 2, 2, 4, 4. மொத்தம் அதே 12.

இது யாரோ ஒருவரின் புத்திசாலித்தனம் அல்ல. இந்தியத் தர ஆவணங்களில் முதலாவது, ஐ.எஸ். 1, தேசியக் கொடியைப் பற்றியது. அதற்கு அடுத்த எண்ணில் நிற்கும் ஐ.எஸ். 2, எண்களை முழுமையாக்கும் விதிகளைப் பற்றியது; 1960-இல் வந்த அதன் பதிப்பு இந்த இரட்டைப்படை வழியைத்தான் சொல்கிறது. படிப்படியாக முழுமையாக்கக் கூடாது, ஒரே தாவலில் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம் எளிது: 2.446-ஐ முதலில் 2.45 ஆக்கி, பிறகு பள்ளி விதிப்படி 2.5 ஆக்கினால் தவறு. நேராகப் போனால் அது 2.4. கணினிகள் பின்னப் பகுதி உள்ள எண்களைக் கையாள்வதற்கான, 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரமும் சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போவதையே இயல்பு வழியாக வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளே பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் திறந்ததும் இதே இரட்டைப்படை விதியைச் சந்திக்கிறார்கள். அதுவரை ஐந்து வந்தால் கூட்டு என்று ஐந்தாறு ஆண்டுகள் கேட்டவர்களுக்கு, இது ஏன் மாறியது என்று பெரும்பாலான வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. கணக்கு வாத்தியாருக்கு ஒரு விதி, இயற்பியல் வாத்தியாருக்கு ஒரு விதி என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளும் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மறுபக்கம், வரிச் சட்டங்கள் ஐந்தை மேலேதான் தள்ளுகின்றன. சரக்கு சேவை வரியில் 50 காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாய் ஆகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மொத்த வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்காக முழுமையாக்கச் சொன்னது. ஒன்றில் ரூபாய், இன்னொன்றில் பத்து ரூபாய். இயற்கை இதைக் கட்டளையிடவில்லை. எந்த அளவுக்கு நுணுக்கம் வேண்டும், யார் பக்கம் சாய்வது என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுத்துச் சட்டமாக எழுதினார்கள். பொறியாளர் ஒன்றைத் தேர்ந்தார், வரித்துறை இன்னொன்றைத் தேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றை என்றைக்கும் மாறாத உண்மை போலக் கற்பிப்பதுதான் நம் பாடத்தின் கோளாறு.

இதெல்லாம் கடைசி இலக்கச் சமாசாரம், சின்ன விஷயம் என்று கைவீசுகிறவர்கள் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்ததைப் பார்க்கட்டும். 1982 ஜனவரியில் அங்கே ஒரு புதிய குறியீட்டு எண் 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு முறை புதிதாகக் கணக்கிடும்போதும் மூன்று தசம இடத்துக்கு மேலிருப்பதை முழுமையாக்காமல் வெறுமனே வெட்டி எறிந்தது அதைக் கணக்கிட்ட கணினி நிரல். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை வெட்டல். 1983 நவம்பரில் குறியீடு 520-ஐ ஒட்டி வந்து நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது 1098-க்கு மேல் இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழான துணுக்குகள் சேர்ந்து ஒரு சந்தையின் பாதி மதிப்பை மறைத்துவிட்டன. அங்கே வெட்டிய கை எதற்காக வெட்டுகிறோம் என்று ஒருமுறை கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு தெளிவான விதி வேண்டும், பொருளும் சூழலும் பிறகு வரட்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடுவார்கள் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் ‘பிறகு’ எந்த வகுப்பில் வருகிறது? ஏழிலா, ஒன்பதிலா? ஒன்பதாம் வகுப்பில் கனச்செவ்வகம் வரும்போது சூத்திரம் வருகிறது, பொருள் வரவில்லை. குழப்பம் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. பத்து ரூபாய்க்கு மூன்று மிட்டாய் என்றால் ஒரு மிட்டாய்க்குக் கடைக்காரர் 3.33 வாங்கமாட்டார், மூன்றும் வாங்கமாட்டார், நான்குதான் வாங்குவார் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். களத்துமேட்டில் மரக்காலைத் தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்குவாதம் செய்து தீர்த்துக்கொண்டார்கள். 1/320-க்கு முந்திரி என்றும், அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்குக்குக் கீழ்முந்திரி என்றும் பெயர் வைத்துக் கணக்கெழுதிய மரபு இது. எந்தத் துணுக்கைக் கணக்கில் வைப்பது, எதை விடுவது என்ற நிதானம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு பதில். 5.151125-ஐக் கால்குலேட்டர் கண நேரத்தில் தரும். 5100 என்று அது ஒருபோதும் சொல்லாது, ஏனென்றால் சம்ப் வழிந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. பெருக்கலை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு மனிதருக்கு மிஞ்சியிருக்கும் வேலையே இந்த முடிவெடுப்பதுதான். அதையும் கற்றுக்கொடுக்காமல் விட்டால் கணக்கு வகுப்பில் என்னதான் செய்கிறோம்?

இனி, ஒரே விடை இருந்தால்தான் லட்சக்கணக்கான தாள்களைத் திருத்த முடியும் என்ற நிர்வாக வாதம். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. திருத்தும் மையத்தில் நாளெல்லாம் குனிந்து உட்காரும் ஆசிரியரின் பாடு உண்மையானது. ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் விடையும் கட்டுக்குள் இருக்கும். ‘கன அளவை இரு தசம இடத்திருத்தமாகக் காண்க’ என்று கேட்பதற்குப் பதில், டேப்பால் சென்டிமீட்டர் வரை அளந்த சம்பின் அளவுகளைக் கொடுத்து, ‘இதில் உறுதியாகக் கொள்ளும் என்று நீ சொல்லக்கூடிய லிட்டர் அளவை நூறின் மடங்காக எழுதி, காரணத்தை ஒரு வரியில் கூறு’ என்று கேட்கலாம். 5100 என்று எழுதி, டேப் பிழையைச் சுட்டியவருக்கு ஐந்து மதிப்பெண். 5100 என்று மட்டும் எழுதியவருக்கு நான்கு. 5151.125 என்று நிறுத்தியவருக்குப் பெருக்கலுக்காக மூன்று. முதலிலேயே முழுமையாக்கி 5625-க்கு வந்து, அதை 5600 என்று எழுதியவருக்கு ஒன்று. திருத்துகிறவருக்கு இதில் கூடுதல் வேலை ஒரு வரியைப் படிப்பது மட்டுமே, அடுத்த பொதுத்தேர்விலேயே இப்படி ஒரு கேள்வியைச் சேர்க்கப் புதிய பாடப்புத்தகம் எதுவும் தேவையில்லை.